நியான் இலக்கங்களில் நேரம்

எங்கள் பள்ளி அறிவியல் ஆய்வக மேசையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. தேக்குப் பெட்டியின் மேல் கட்டைவிரல் பருமனில் நான்கு கண்ணாடிக் குழல்கள். ஒவ்வொன்றின் உள்ளும் ஓர் இலக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். நேரம் பார்க்க இது தேவையில்லை, கைப்பேசியே போதும். ஆனால் கைப்பேசிக்குள் நடப்பது எதுவும் மாணவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் கடிகாரத்தில் மந்த வாயு, ஓம் விதி, இரும எண் மூன்றையும் விரல் வைத்துக் காட்டலாம். அதற்காகவே கோடை விடுமுறையில் இதைச் செய்தேன். இது இயங்கும் விதத்தையும், இத்தகைய பணியில் மாணவர் கை எதுவரை செல்லலாம் என்பதையும் பகிர்ந்துகொள்கிறேன்.

குழலுக்குள் என்ன இருக்கிறது?

இவற்றுக்கு நிக்ஸி குழல்கள் என்று பெயர். அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் 1955இல் இவற்றை அறிமுகப்படுத்தியது. எல்.இ.டி. இலக்கங்கள் மலிவானதும் இவை வழக்கொழிந்தன. நான் பயன்படுத்தியவை சோவியத் காலத்து ஐஎன்-14 வகை. பயன்படுத்தப்படாமல் இருப்பில் கிடந்த பழைய சரக்கு.

0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள் மெல்லிய உலோகத்தில் செய்யப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஓர் எதிர்மின்வாய். அவற்றின் முன்னால் உள்ள மெல்லிய வலை நேர்மின்வாய். சுற்றிலும் குறைந்த அழுத்தத்தில் நியான். வலைக்கும் ஓர் இலக்கத்துக்கும் இடையே மின்னழுத்தம் சுமார் 170 வோல்ட்டை எட்டும்போது வாயு அயனியாகிறது. அந்த இலக்கத்தை ஒட்டியே ஒளி படர்கிறது. மின்னிழை இல்லை, ஒளிர்வது உலோகமன்று, அதைச் சுற்றியுள்ள வாயு.

வகுப்பில் இதை டெஸ்டரிலிருந்து தொடங்குங்கள். எலக்ட்ரீசியன் சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டருக்குள் இருப்பதும் ஒரு சிறு நியான் விளக்குதான். அதைக் கழற்றி விளக்கையும் அதனுடன் உள்ள மின்தடையையும் காட்டினால் போதும். மின்சாரத்தில் செருக வேண்டாம்.

"5 ஏன் சார் தலைகீழ் 2 மாதிரி இருக்கு?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். உற்றுப் பார்த்தால் உண்மைதான். "ஒரே அச்சு ரெண்டுக்கும் போதுமே!" என்று பக்கத்திலிருந்தவன் விடை சொன்னான். உற்றுநோக்கலும் கருதுகோளும் அரை நிமிடத்தில் முடிந்தன.

மூன்று கணக்குகள்

முதலாவது, ஓம் விதி. என் சுற்றில் 180 வோல்ட் தரப்படுகிறது. ஒளிரத் தொடங்கியதும் குழலின் இருமுனைகளுக்கிடையே ஏறத்தாழ 140 வோல்ட் நிற்கும். மீதி 40 வோல்ட்டை ஒரு மின்தடை ஏற்க வேண்டும். தேவையான மின்னோட்டம் 2.5 மில்லி ஆம்பியர். ஆக, 40 ÷ 0.0025 = 16,000 ஓம். மின்தடை இல்லாவிட்டால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறிக் குழல் பாழாகும். புத்தகத்துக் கணக்கின் விடை இங்கே ஒரு குழலைக் காப்பாற்றுகிறது.

இரண்டாவது, இரண்டின் அடுக்கு. நேரத்தைக் கணிக்கும் டிஎஸ்3231 சில்லில் உள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திர எண்? மாணவர்கள் இரண்டால் வகுத்துக்கொண்டே போகட்டும். பதினைந்தாவது முறையில் 1 வரும். அதுவே ஒரு நொடி.

மூன்றாவது, இரும எண். நான்கு குழல்களுக்கு நாற்பது இலக்கங்கள். நாற்பது கட்டுப்பாட்டுக் கம்பிகள் இழுப்பது பெரும்பாடு. 74141 வகைச் சில்லு ஒரு குழலுக்கு நான்கு கம்பிகளில் செய்தி பெற்று, பத்தில் ஒன்றை ஒளிரச் செய்யும். இதை விளையாட்டாக நடத்தலாம். நான்கு மாணவர்கள் 8, 4, 2, 1 என்ற அட்டைகளுடன் நிற்கட்டும். "ஏழு" என்றால் 4, 2, 1 கை தூக்க வேண்டும். "பன்னிரண்டு" என்று சொல்லிப் பாருங்கள். 8, 4 கை தூக்குவார்கள். ஆனால் குழலில் அப்படி இலக்கம் இல்லை. அப்போது இந்தச் சில்லு எதையும் ஒளிரவிடாது.

மரப்பெட்டி

தச்சுப் பட்டறையில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளே போதுமானவை. நன்கு உலர்ந்த மரம் மின்கடத்தாப் பொருள். ஈரம் ஏறினால் அந்தப் பண்பு குறையும். எனவே அரக்கு பாலிஷ் இரண்டு பூச்சு கொடுத்தேன். மழைக்காலத்தில் மரம் உப்பும். குழல் துளைகளில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். வெளியே தெரியும் எந்த ஆணியும் உள்ளே மின்பலகையைத் தொடக் கூடாது.

ஒரு பராமரிப்புக் குறிப்பும் உண்டு. மணியின் முதல் இலக்கத்தில் 0, 1, 2 மட்டுமே ஒளிரும். ஒளிரும் இலக்கங்களிலிருந்து சிதறும் உலோகம், வேலையின்றி இருக்கும் மற்ற இலக்கங்களின் மேல் படிந்து அவற்றை மங்கச் செய்யும். அதனால் தினமும் நள்ளிரவில் எல்லா இலக்கங்களும் சில நிமிடம் மாறி மாறி ஒளிருமாறு நிரல் எழுதியுள்ளேன். முன்வரிசை மூவரிடமே கேள்வி கேட்கும் வகுப்புக்கும் இது பொருந்தும்.

மாணவர் கை எதுவரை?

12 வோல்ட் அடாப்டர்தான் வெளியே தெரியும். உள்ளே அது 180 வோல்ட்டாக உயர்த்தப்படுகிறது. இந்த மின்னதிர்ச்சி ஆபத்தானது. மின்தேக்கி இருப்பதால் அடாப்டரைப் பிடுங்கிய பின்னும் ஆபத்து நீடிக்கும். என் சுற்றில் 2.2 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியின் குறுக்கே 10 லட்சம் ஓம் மின்தடை வைத்துள்ளேன்; சுமார் 11 நொடிகளில் மின்னூட்டம் ஏறக்குறைய முழுவதும் வடிந்துவிடும். அதன்பிறகும் மல்டிமீட்டரால் அளந்து பார்த்தே தொடுவேன். உயர் மின்னழுத்தப் பகுதியை மாணவர் எவரும் தொடுவதில்லை; பெட்டி மூடியிருக்கும்போது மட்டுமே கடிகாரம் ஓடும். நிரல் எழுதுதல், மரவேலை, கணக்கு ஆகியவை மாணவர்களுக்கு.

முழுவதையும் மாணவரே செய்ய வேண்டுமென்றால் வேறு வழி உண்டு. பத்து மெல்லிய அக்ரிலிக் தகடுகளில் 0 முதல் 9 வரை கீறி அடுக்குங்கள். ஒவ்வொரு தகட்டின் அடி விளிம்பிலும் ஓர் எல்.இ.டி. வையுங்கள். முழு அக எதிரொளிப்பால் ஒளி தகட்டுக்குள்ளேயே பயணித்து, கீறல் உள்ள இடத்தில் மட்டும் வெளிப்படும். பார்ப்பதற்கு நிக்ஸி போலவே இருக்கும்; ஆனால் 5 வோல்ட் போதும். அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் ஆர்டுயினோ பலகை கையிலேயே இருக்கும். இல்லாத பள்ளிகள் ஒரே ஓர் இலக்கத்தைச் செய்து, பத்து சுவிட்சுகளால் இயக்கலாம். எட்டாம் வகுப்பு மாணவர் ஐவர் சேர்ந்தால் இரண்டு சனிக்கிழமைகளில் முடித்துவிடுவர். அந்தப் பெட்டியை மூட வேண்டியதில்லை. திறந்தே வைத்து, யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்க விடுங்கள்.