காலிப் பெட்டிக்கு ஒரு வாரம்

வீட்டோடு வாழும் உயிர்கள் – 14

அக்கா மகன் என்னை மாடிக்கு அழைத்துப் போய்ப் பெட்டியைக் காட்டினான். தூத்துக்குடியில் அலங்கார மீன் விற்கும் கடையொன்றில் வாங்கிய மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. கிழக்குச் சன்னலோரம் வைத்திருந்தான். அடியில் தேரிக்காட்டிலிருந்து அள்ளி வந்த செம்மண், அதன்மேல் கரையில் ஒதுங்கிய ஒரு கட்டை, ஒரு வெண்சங்கு. சன்னலுக்கு வெளியே ஆலந்தலைக் கடல். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது.

"வார சனிக்கிழம பாம்பு வந்துரும் மாமா. முன்பணம் குடுத்தாச்சு."

"பாம்பு வாறது இருக்கட்டும் மக்கா. உள்ள சூடு எவ்வளவுன்னு பாத்தியா?"

அவன் பார்த்திருக்கவில்லை. மறுநாள் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, அதன் கம்பி முனையைத் தொட்டியின் தரையில் படும்படி வைத்தோம். காலை வெயில் கண்ணாடியில் விழுந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 41 டிகிரி காட்டியது. அந்த எண்ணை அவன் பார்த்துக்கொண்டு நின்ற முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சனிக்கிழமையைத் தள்ளிப்போடும்படி நான் சொல்லவே தேவைப்படவில்லை.

அவன் வாங்க நினைத்தது கார்ன் பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது. நஞ்சில்லை, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும். குட்டி ஓரடிக்குள் இருக்கும், வளர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்தடி. ஆரஞ்சு உடலில் செம்பட்டைத் திட்டுகள், வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். அந்தக் கட்டங்கள் பலநிற மக்காச்சோளக் கதிர்போல இருப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். சோளக் கிடங்குகளில் எலி தேடித் திரிந்ததால் வந்த பெயர் என்பாரும் உண்டு. முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவர்களுக்கு உலகம் முழுக்க இதைத்தான் கைகாட்டுகிறார்கள். சாது, சட்டென்று கடிக்காது, சாப்பாட்டுக்கு அடம்பிடிப்பது குறைவு. நல்ல வளர்ப்பில் 15, 20 வருடம் இருக்கும். அவனுக்கு இப்போது 19 வயது. அவன் அப்பாவைப்போலக் கப்பலுக்குப் போகப் படித்துக்கொண்டிருக்கிறான். "நீ கப்பல்ல இருக்கும்போது யாரு பாப்பா?" என்று கேட்டேன். தங்கை பார்ப்பாள் என்றான். தங்கையை அழைத்து அவள் வாயாலேயே கேட்ட பிறகுதான் நான் மேற்கொண்டு பேசினேன்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். சாரை, தண்ணீர்ப்பாம்பு, மண்ணுளி என்று நம் மண்ணின் பாம்பு எதையும் வீட்டில் வைத்து வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. தேரியில் கிடைத்த குட்டியை டப்பாவில் போட்டுக்கொண்டு வரும் பையன்கள் இதை அறிய வேண்டும். வெளிநாட்டு உயிரினங்களில், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பவர்கள் பதிவுசெய்ய வேண்டும் என்று 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்; 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பால் பைத்தான் (ball python) அந்தப் பட்டியலில் உண்டு, கார்ன் பாம்பு இல்லை. அதற்காக எப்படி வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று ஆகாது. உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும், நோய்த்தடுப்புச் சோதனை வேண்டும். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுக்காமல் கிடந்த இரண்டு பைகளைச் சுங்கத்துறையினர் திறந்தார்கள். 45 பால் பைத்தான், 3 மார்மோசெட் குரங்கு, 3 நட்சத்திர ஆமை, 8 கார்ன் பாம்பு. எல்லாவற்றையும் பாங்காக்கிற்கே திருப்பி அனுப்பினார்கள். மூச்சுவிட இடமில்லாத பையில் வர ஒரு பயணம், திரும்பிப் போக இன்னொரு பயணம். குட்டி எங்கே பொரித்தது, தாய் எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியாதவரிடம் பாம்பு வாங்குவது அந்தப் பைக்குக் காசு கொடுப்பதுதான் என்று அவனிடம் சொன்னேன். தாய்ப்பாம்பின் படத்தையும், முட்டை பொரித்த தேதியையும் வாங்கிக் காட்டிய பிறகே எனக்குச் சமாதானம் ஆயிற்று.

இனி பெட்டி. பாம்பு வளர்ப்புப் புத்தகங்களை எழுதியவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்களுடைய கவலையெல்லாம் சூடேற்றுவது. பெட்டியின் ஒரு முனை 30, 31 டிகிரி, மறுமுனை 24 முதல் 26 வரை. சூடு வேண்டும்போது ஒருபக்கமும், வேண்டாதபோது மறுபக்கமும் பாம்பே நகர்ந்துகொள்ளும். தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்க முடியாத உயிருக்கு இந்த நகர்வுதான் செரிமானம், இதுதான் ஆரோக்கியம். அங்கே சூட்டுப்பாயை வாங்கினால் பாதி வேலை முடிந்தது. ஆலந்தலையில் வைகாசி மாதம் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது குளிர்ந்த முனைக்கு எங்கே போவது?

எனக்கு வடநெம்மேலி நினைவுக்கு வந்தது. மாமல்லபுரம் போகும் வழியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத்தோல் வணிகம் நின்றுபோய் இருளர்கள் பிழைப்பிழந்த காலத்தில், 1978-இல், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் தொடங்கியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் நஞ்சும் அங்கிருந்து மருந்து தயாரிப்புக்குப் போகிறது. பிடித்துவரும் பாம்புகளை அவர்கள் மண்பானைகளில் வைக்கிறார்கள். உள்ளே மணல், வாயில் துணி போட்டுக் கட்டு. சில வாரங்களில் நஞ்செடுப்பு முடிந்ததும், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். வெளியே வெயில் கொளுத்தும்; பானைகளோ கொட்டகைக்குள் வரிசையாக இருக்கும். கொட்டகை நிழலும், சுட்ட மண்ணின் குளுமையும், இருட்டும், உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் சுவரும் பாம்பை அடங்கியிருக்கச் செய்கின்றன. நம் கண்ணாடித் தொட்டியிலோ நான்கு பக்கமும் வெளிச்சம், நான்கு பக்கமும் மனித முகம். மறைவிடம் இல்லாத பாம்பு இரையெடுக்காது. எடுத்தாலும் கக்கிவிடும்.

ஆகவே தொட்டியைச் சன்னலோரத்திலிருந்து கீழே இறக்கினோம். அவர்கள் வீட்டில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய அறை ஒன்று வடக்குப் பார்த்து இருக்கிறது, சுவர் ஒன்றரை அடி கனம். முன்பு வலைகள் கிடந்த அறை. தொட்டியின் மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டினோம். குளிர்ந்த முனைக்குப் பூச்சில்லாத மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து, வாயோரம் உடைத்து, விளிம்பைத் தேய்த்து மழுக்கி வைத்தோம். வெளிப்புறத்தை லேசாக நனைத்தால், கச்சான் வீசும் வறண்ட நாளில் சட்டி நன்றாகக் குளிர்கிறது. கடலிலிருந்து கொண்டல் வீசினால் காற்றிலேயே ஈரம் இருப்பதால் குளிர்வதில்லை. அன்றைக்கு நனைக்கவும் கூடாது. ஈரம் தேங்கினால் வயிற்றுச் செதில் அழுகும், நுரையீரலில் சளி கட்டும். சூடான முனைக்கு ஒரு சிரட்டை போதும். குட்டி சுருண்டால் உடம்பு ஓட்டைத் தொட வேண்டும். பெரிய குகை கொடுத்தால் அதற்கு அது வெட்டவெளிதான். வளர வளரச் சிரட்டைக்குப் பதில் சட்டி, மூன்றடித் தொட்டிக்குப் பதில் நான்கடிப் பெட்டி. சூட்டுப்பாயை மார்கழி இரவுகளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறான், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு. அது இல்லாத சூட்டுப்பாய் பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும்.

தேரி மண்ணை அள்ளி வெளியே கொட்டச் சொன்னபோது அவனுக்கு வருத்தம்தான். அந்த மண் மாவுபோல. இரையோடு வாய்க்குள் போகும், வளை தோண்டினால் நிற்காது. தென்னைநார்த் துகளைக் கழுவி, உப்புப் போக அலசி, நன்றாகக் காயவைத்து இரண்டு அங்குலம் போட்டோம். இந்தப் பாம்புக்கு அடியில் புகுந்து கிடக்கப் பிடிக்கும். கரையில் ஒதுங்கிய கட்டையையும் எடுத்துவிட்டுப் பனைமட்டையை வைத்தோம், கருக்கைச் சீவிவிட்டு. மூடிக்குப் பழைய வலையை இழுத்துக் கட்டலாமே என்றாள் தங்கை. தோட்டத்து வேலிவலையில் சாரை சிக்கித் தோல் கிழிந்து கிடப்பதைப் பார்த்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். இரும்புக் கம்பிவலையை உப்புக்காற்று தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு வலையில் மரச்சட்டம் போட்டு, இருபுறமும் கொக்கி வைத்து ஆசாரி செய்து கொடுத்தார். தப்பிப்பதில் இந்தப் பாம்பு தேர்ந்தது. பென்சில் நுழையும் சந்து இருந்தால் குட்டி போய்விடும். எறும்பு ஏறாமலிருக்க மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம்.

சம்மதிக்க வேண்டியவர்களில் ஆச்சிதான் மிச்சம். வீட்டுப் பீடத்தில் அமலோற்பவ மாதா சுரூபம் இருக்கிறது, காலடியில் பாம்பு. எழுபது வருடமாக அதன் முன் செபமாலை சொல்பவர். தாத்தாவின் வலையில் கடல்பாம்பு ஏறிய நாட்களை நினைவு வைத்திருப்பவர். அவரிடம் யாரும் வாதாடவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே அறைக்கு வந்து, காலிப் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்கல வச்சிருக்க?" என்று கேட்டார். அவன் கிண்ணத்தைக் காட்டினான். "கெணத்துத் தண்ணி உப்பு. குடிக்கிற தண்ணிய ஊத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டி முழுதாய்த் தயாரான பின்னும் ஏழு நாள் அதைக் காலியாகவே வைத்தோம். காலை, மத்தியானம், இரவு என்று மூன்று வேளையும் இரண்டு முனைகளின் சூட்டையும் காற்றின் ஈரத்தையும் ஒரு நோட்டில் எழுதினான். எந்தக் காற்று என்பதையும் பக்கத்தில் குறித்தான். இரண்டாம் நாள் மத்தியானம் மின்சாரம் போய் மின்விசிறி நின்றபோது 34 வரை ஏறியது. உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கண்ணாடிக்கு வெளியே சாய்த்து வைத்தால் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் அன்றே பார்த்துக்கொண்டோம். உள்ளே உயிர் இருக்கும்போது பழகக்கூடிய பாடம் இல்லை அது. ஏழாம் நாள் மத்தியானம் சூடான முனை 31, குளிர்ந்த முனை 28. புத்தகக் கணக்கைவிட இரண்டு டிகிரி கூடுதல்தான். இந்தக் கரையில் இந்த மாதத்தில் அதற்குக் கீழே கொண்டுவர முடியவில்லை.

"குட்டி தோல் உரிச்சிருச்சாம், மூணு தடவ இரையும் எடுத்துருச்சாம் மாமா. கொண்டுவரச் சொல்லட்டா?"

மூடியை ஒருமுறை சுற்றித் தடவிப் பார்த்தேன். தெர்மாமீட்டர் கம்பி உள்ளே போகும் மூலையில் ஆசாரி ஒரு பள்ளம் செதுக்கியிருந்தார். அவன் நோட்டில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதில் வைத்தேன். தடையில்லாமல் உள்ளே இறங்கியது.

அவன் ஒன்றும் பேசவில்லை. மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஆசாரி வீட்டுக்குக் கிளம்பினான்.

(தொடரும்)