கரையோரக் கற்கள் – 9: மடகாஸ்கரின் மறுபாதி

உடுப்பிக்கு அருகே மால்பே கடலில் இருக்கும் செயின்ட் மேரி தீவுகளைச் சென்ற வாரம் தொட்டோம். எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கி, ஐந்தும் ஆறும் ஏழுமாகப் பக்கங்கள் கொண்ட தூண்களாக விரிசல் விட்ட கதை நினைவிருக்கும். இந்த வாரம் பயண ஏற்பாடு.

முதலில் மாதம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை, தீவுக்குப் படகு கிடையாது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை போவது நல்லது. அடுத்தது நேரம். கடல் வற்றியிருக்கும்போது இறங்கினால்தான் தூண்களின் அடிப்பகுதி கண்ணில் படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் இன்னும் கீழே இறங்கும். அன்றைய வற்று நேரத்தைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற படகைப் பிடியுங்கள். வேறு எதில் சமாதானம் செய்துகொண்டாலும் இதில் கூடாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் பார்க்கப் போவது சாதாரணப் பாறை அல்ல. மேற்குக் கரையில் தூண் பாறையைக் கண்டால் தக்காணத்து எரிமலைகளின் வேலை என்று நினைப்பது இயல்பு. மும்பை அந்தேரியில் அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கும் கில்பர்ட் குன்று அந்த வகைதான். வயது சுமார் 6.6 கோடி ஆண்டுகள். செயின்ட் மேரி பாறைகளோ ஏறத்தாழ 9 கோடி ஆண்டுப் பழமை. குழம்பும் வேறு: சிலிக்கா மிகுந்தது, பிசுபிசுப்பானது. அது பொங்கிய காலத்தில் இமயமலை இல்லை. இந்தியா ஆசியாவோடு சேரவில்லை. நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே மடகாஸ்கரோடு ஒட்டிக் கிடந்தது. இரண்டும் பிரியத் தொடங்கியபோது நிலம் கிழிந்து, குழம்பு மேலே வந்தது. அதே காலத்து எரிமலைப் பாறைகள் மடகாஸ்கரிலும் இருக்கின்றன. இன்று நடுவே ஏறத்தாழ 4000 கிலோமீட்டர் கடல். அந்தக் கிழிசலின் இந்தப் பக்கத்து ஓரத்தில்தான் நீங்கள் கால் வைக்கப் போகிறீர்கள். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

மால்பேக்குக் கடல் தந்த கதைகளுக்குக் குறைவில்லை. துவாரகையிலிருந்து வந்த கப்பலில் கோபிசந்தனக் கட்டிக்குள் இருந்த கிருஷ்ணர் சிலையை துவைத ஆசாரியர் மத்வர் இந்தக் கரையில்தான் பெற்றார் என்பது உடுப்பி மரபு. 1498இல் வாஸ்கோ ட காமா தீவில் இறங்கிப் பெயர் வைத்தார் என்றும் சொல்வார்கள். உடுப்பிக்குக் கிருஷ்ணர் கோயிலை நினைத்துப் போகிறவர்கள் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி மால்பேக்கும் ஒரு காலைப்பொழுது ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

குடிநீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும். இரவு தங்க அனுமதியில்லை. பாசி படிந்த பாறை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு அவசியம். தடுத்திருக்கும் இடத்தில் நீரில் இறங்கவே இறங்காதீர்கள். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

மங்களூர் வரை ரயில், அங்கிருந்து உடுப்பி பஸ், தங்குமிடம், தீவில் எந்தப் பக்கம் முதலில் நடப்பது என்பதெல்லாம் அடுத்த வாரம். அதற்குள் உலகப் படத்தை எடுத்து மடகாஸ்கரின் கிழக்குக் கரையைப் பாருங்கள். அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் நேராக இருக்கும். அங்கிருந்துதான் நம் கரை பிரிந்து வந்தது.