ஓய்வு நேரத்தில் ஒரு கைத்தொழில்: கார் துலக்குதல்

மாதச் சம்பளம் இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை, முதியோர் மருத்துவம் எனச் செலவுகள் வரிசையில் நிற்கும்போது, இருக்கும் வேலையை விடாமலேயே இன்னொரு சிறு வருவாய்க்கு வழியுண்டா என வினவுவோர் பலர். அவர்களுக்கு ஏற்ற கைத்தொழில்களுள் ஒன்று கார் துலக்குதல். இதற்குக் கடை வேண்டாம், பெருமுதலும் வேண்டாம். கைத்திறனும், நேரந்தவறாமையும், நாணயமும் வேண்டும்.

கழுவுதல் வேறு, துலக்குதல் வேறு

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதிகாலையில் வாளியும் துணியுமாகக் கார்களைத் துடைப்போரைக் காண்கிறோம். அது கழுவுதல். 'கார் டீடெய்லிங்' எனப்படும் துலக்குதல் அதனினும் நுணுக்கமானது. மேட், இருக்கை, டேஷ்போர்டு ஆகியவற்றின் தூசியை வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். வெளியே ஒட்டிய தாரையும் பறவை எச்சத்தையும் பூச்சுக்குச் சேதமின்றி நீக்க வேண்டும். தேவையெனில் பாலிஷ் செய்து, இறுதியில் வாக்ஸ் பூசிக் காக்க வேண்டும்.

இன்றைய கார்களில் நிறப்பூச்சின்மேல் 'கிளியர் கோட்' என்னும் நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. பாலிஷ் என்பது இப்பூச்சை மிக மெல்லியதாகத் தேய்த்து, கீறல்களைச் சமன்செய்வதேயாகும். ஆகவே, மாதந்தோறும் பாலிஷ் செய்யச் சொல்பவன் வண்டிக்கு நன்மை செய்பவனல்லன். இதனை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்வது தொழில் தர்மம்.

முறையறிந்து செய்க

வெயிலில் சூடேறிய வண்டியைக் கழுவலாகாது. நீரும் ஷாம்புவும் உடனே உலர்ந்து திட்டுகளாகப் படிந்துவிடும். பாத்திரம் துலக்கும் சோப்பு, பூசிய வாக்ஸைப் போக்கிவிடும்; கார் ஷாம்புவே ஏற்றது. மேற்கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வருதல் வேண்டும். மணலும் சேறும் மிகுந்த அடிப்பகுதி கடைசியில். இரண்டு வாளிகள் வைத்துக்கொள்க: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் துணியை அலசும் நீர். கீழே விழுந்த துணியை, நன்கு துவைக்காமல் மீண்டும் வண்டியின்மேல் வைக்கலாகாது. அதில் ஒட்டிய ஒரு மணல்துகளே கீறல்விடப் போதும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்திருப்பின், கழுவியவுடன் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். இல்லையேல் கண்ணாடியிலும் பூச்சிலும் வெள்ளைப் புள்ளிகள் நிலைத்துவிடும்.

நீர்ச் சிக்கனமும் இத்தொழிலின் ஒரு பகுதியே. நிமிடத்துக்குப் 10 லிட்டர் ஓடும் குழாயை 20 நிமிடம் திறந்து வைத்தால் 200 லிட்டர் வீணாகும். வாளி முறையில் 40 லிட்டரில் பணி முடியும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதையும், 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வாகனம் கழுவத் தடையும் 5,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டதையும் மறத்தல் கூடாது.

காலமும் கணக்கும்

காலை ஒன்பதரை மணிக்கு அலுவலகம் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஆறு முதல் ஏழரைக்குள் நாளொன்றுக்கு ஒரு வண்டியைக் கழுவி உட்புறமும் துப்புரவாக்கலாம். ஞாயிறு காலை ஐந்து மணி நேரத்தில் ஒரு வண்டிக்கு முழுப் பாலிஷ் செய்யலாம். நான்கு வாரத்தில் சிறு பணி 20, பெரும் பணி 4.

சிறு பணிக்கு 400 ரூபாயும் பெரும் பணிக்கு 2,500 ரூபாயும் எனக் கொண்டால், வரவு 18,000 ரூபாய். ஷாம்பு, துணி, பாலிஷ், பெட்ரோல், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 12,000 ரூபாய் மிஞ்சும். உழைப்பு 50 மணி நேரம். ஒவ்வொரு பணிக்கும் போய்வர அரைமணியைச் சேர்த்தால் 62 மணி நேரம். ஆக, மணிக்கு 200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவே கிடைக்கும். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். எனினும் பயண நேரத்தைக் கணக்கில் சேர்க்காதவருக்கு ஆதாயம் எது, நட்டம் எது என்று தெரியாமலே போகும். ஒரே தெருவில் ஐந்து வண்டிகள் கிடைப்பது, ஊரெங்கும் சிதறிய பத்து வண்டிகளினும் மேல். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வரவு குறையும் என்பதையும் முன்கூட்டியே எண்ணி வைத்தல் நலம்.

'செராமிக் கோட்டிங்' போன்ற பணிகளுக்குத் தூசியற்ற இடமும் நெடுநேர உலர்வும் தேவை. திறந்தவெளியில், அலுவலகம் போகும் அவசரத்தில் அவற்றை ஏற்பது அறிவுடைமையாகாது.

சட்டமும் அமானிதமும்

அரசு ஊழியர்கள் முன் அனுமதியின்றி வேறு தொழில் செய்ய நடத்தை விதிகள் இடந்தருவதில்லை. தனியார் நிறுவனத்தில் பணிபுரிவோரும் தம் பணி ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தபின் இறங்குவதே முறை. ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ஆயினும் வரவுசெலவைக் குறித்து வைத்தல் வேண்டும்.

ஒருவர் தம் வண்டிச் சாவியை நம்மிடம் தரும்போது, அது அமானிதமாகிவிடுகிறது. பணி தொடங்குமுன் வண்டியைச் சுற்றி வந்து, முன்பே உள்ள கீறல்களை உரிமையாளருக்குக் காட்டிப் படமும் எடுத்துக்கொள்க. இருக்கையடியில் கிடைக்கும் ஒரு ரூபாய் நாணயமாயினும், கசங்கிய ரசீதாயினும் அவரிடமே சேர்க்க வேண்டும். நம் கையால் ஒரு கீறல் விழுந்தால், அவர் காணுமுன் நாமே சொல்லிவிட வேண்டும். ஒரு வாடிக்கையாளர் பத்துப் பேரிடம் நம்மைச் சொல்லி அனுப்புவது இந்த நம்பிக்கையினால்தான்.

இறுதியாக ஒன்று. தொழில் சூடுபிடித்ததும் ஐந்து வண்டி எட்டாகும், மாலையும் போகும், ஞாயிறு முழுதும் போகும். எந்தக் குடும்பத்துக்காகப் பொருளீட்டத் தொடங்கினோமோ, அக்குடும்பம் நம் முகத்தையே காணாது போகும். தூக்கம் குறைந்தவர் அலுவலகத்திலும் பெயர் கெடுவார். ஆதலால், வாரத்துக்கு இத்தனை வண்டி என்னும் வரம்பைத் தொடக்கத்திலேயே இல்லத்தாரோடு கலந்து முடிவுசெய்க. வரம்பைக் கடந்து வருபவரிடம், "அடுத்த வாரம் செய்து தருகிறேன்" என்று பணிவுடன் கூறுக. துப்புரவான வேலைக்காரனுக்காக வாடிக்கையாளர் ஒரு வாரம் காத்திருப்பார். பிள்ளைகளின் இளமை அவ்வாறு காத்திராது.