பூனை வளரும் வீட்டுக்கு ஏற்ற பாம் செடி

மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அரேகா பாம் பூனைக்கு நஞ்சல்ல. ஓலையை நிறைய மென்றால் வாந்தி வரலாம், அவ்வளவுதான். ஆனால் பாம் என்று சொல்லி விற்கப்படும் சைக்கஸ், பாம் இனமே அல்ல. அதன் எல்லாப் பாகமும் பூனையின் ஈரலை அழிக்கும். ஓரிரு விதைகளே உயிரைப் பறிக்கக்கூடும். வாங்கும்போது தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்: சைக்கஸ் இலை விறைப்பானது, நுனி குத்தும். அரேகா ஓலை மெதுவாக வளையும்; அடியில் மஞ்சள் படர்ந்த தண்டுகள் கூட்டமாக நிற்கும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளில் அரேகாவுக்கு முதல் எதிரி உப்பு. உவர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் ஓலை நுனி கருகும். மாரியில் பிடித்துவைத்த மழைநீரே மிக நல்லது. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். சாடியின் அடியில் துளை கட்டாயம். யன்னலோர வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் ஆகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஓலை வறண்டு, அடிப்புறத்தில் சிற்றுண்ணி பற்றும். பூச்சிமருந்து அடித்தால் ஓலையைக் கடிக்கும் பூனைக்கு அதுவே ஆபத்து. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி. பூனை மண்ணைக் கிளறினால், மேலே பெரிய கூழாங்கற்களைப் பரப்பலாம்.