ஈயம் எடுத்தபின் எஞ்சிய மணல்

அம்பாங்கான் பகுதியில் வாழும் நமக்கு ரப்பர் நன்றாகத் தெரியும். ஆனால், சிரம்பான் வட்டாரம் சுங்கை ஊஜோங் என்று வழங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆட்களை இங்கே இழுத்து வந்தது ஈயமே. அந்த ஈயத்தை எடுத்தபின் எஞ்சிய மணலால் என்ன பயன்? இன்று அதைப் பார்ப்போம்.

நம் தாய்மார்கள் அரிசியில் கல் அரிப்பதுண்டு. தண்ணீர் விட்டு ஆட்டினால் அரிசி நீரோடு வரும். கனமான கல் அடியில் தங்கும். ஈய மண்ணையும் இப்படியே அரித்தார்கள். இலேசான மணல் ஓடிவிட, ஈயத் தாது அடியில் தங்கியது. அதனோடு வேறு சில கனமான தாதுக்களும் தங்கின. ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் அந்தக் கருமணலுக்கு 'அமாங்' என்று பெயர்.

உலர்ந்த அமாங்கைக் காந்தத்தின் அருகே செலுத்தினால், இல்மனைட் என்னும் தாது எளிதில் ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து வெள்ளைச் சாயப்பொருள் கிடைக்கிறது. மோனசைட் என்பது வலுவான காந்தத்துக்கே இழுபடும். சிர்க்கான் காந்தத்துக்கு இழுபடாது. பீங்கான் தொழிலுக்கு வேண்டியது இந்தச் சிர்க்கான்தான். அதை மாவாக அரைத்து மெருகுக் குழம்பில் சேர்த்துச் சுட்டால், உள்ளிருக்கும் களிமண் நிறம் தெரியாமல் தட்டும் தரைக்கல்லும் வெண்மையாகும். கடும் வெப்பத்தைத் தாங்குவதால், கண்ணாடி உருக்கும் உலைகளின் செங்கல்லுக்கும் அது உதவுகிறது. நீரோடு ஓடிய வெண்மணலும் வீணன்று. அதைச் சுத்தம் செய்து கண்ணாடி வார்க்கலாம்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அதன் கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது. தோரியத்தில் பாதி அழியவே ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில், மோனசைட்டிலிருந்து அரிய உலோகப் பொருள்களை எடுக்கும் ஆலை 1982இல் தொடங்கியது. அதன் கழிவுக்கு அஞ்சிய ஊர்மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மேல் முறையீட்டில் அத்தீர்ப்பு மாறியது. ஆயினும், 1994இல் ஆலை மூடப்பட்டது.

ஆகவே, பழைய ஈயக் குட்டையோரம் குவிந்த கருமணலை வாசலில் கொட்ட வேண்டாம். சிமெண்டில் கலக்க வேண்டாம். பிள்ளைகளை அதில் விளையாட விட வேண்டாம். அமாங் ஆலையில் வேலை செய்வோர் மூக்கையும் வாயையும் முகமூடியால் காத்துக்கொள்ள வேண்டும். வேலை உடையைத் தனியே துவைக்க வேண்டும்.

கழிவைப் பொருளாக்குவது நல்ல தொழில். அந்தத் தொழிலும் ஒரு கழிவை விட்டுச் செல்லும். அதை எங்கே, எப்படி வைக்கிறார்கள் என்று கேட்பது நம் உரிமை. கேட்கத் தெரிந்திருப்பது நம் பிள்ளைகளின் கல்வி.