கையடக்கப் பெட்டியிற் கூத்து

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் இரு கரைகளுக்கும் அந்நாட்டு மக்கள் இரண்டு அழகிய பெயர்களை இட்டிருக்கின்றனர். ஞாயிறு எழுகின்ற பக்கம் எழுவான்கரை. அது சாய்கின்ற பக்கம் படுவான்கரை. இவ்விரு கரைகளிலுமுள்ள ஊர்களில் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளும் வழிவழியாக ஆடப்பட்டு வருகின்றன. வட்டக்களரியில் இரவு தொடங்கும் கூத்து, விடியும் வரை நடைபெறும். அண்ணாவியாரின் மத்தளமும், சல்லரியும், ஆடுவோரின் சதங்கையும் சேர்ந்தெழுப்பும் ஓசை வாவியின் மறுகரை வரை கேட்பதுண்டு.

முன்னாளில் இக்கலை அண்ணாவியாரின் நினைவிலும், கூத்துப் பாடல் எழுதிய ஏட்டிலும் கொப்பியிலுமே வாழ்ந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962ஆம் ஆண்டில் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றியபோது கற்றோர் கவனம் கூத்தின்பால் திரும்பியது. ஒளிநாடா வந்த பின்னரோ ஊர்க் களரியையே படம்பிடித்து வைக்கும் வாய்ப்புக் கிடைத்தது. நாடாவை அடுத்து இறுவட்டு வந்தது. இன்று கூத்துப் பழகும் இளைஞன் ஒருவன், தன் பாட்டனார் ஆடிய கூத்தினைச் சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிறு கருவியிற் கண்டு பழக விரும்புகின்றான். இறுவட்டிலுள்ள கோப்பினைக் கருவியில் ஏற்றுகின்றான். கருவியோ அதனை ஏற்க மறுக்கின்றது. படம் பழுதில்லை, கருவியும் பழுதில்லை. பின் தடை எங்கே இருக்கின்றது?

அதனை அறிதற்கு முதலில் காணொளி என்பது யாதென அறிதல் வேண்டும். இலங்கையில் வழங்கிய ‘பால்’ முறைத் தொலைக்காட்சியில் ஒரு வினாடிக்கு 25 படங்கள் தோன்றுகின்றன. ஒவ்வொரு படமும் அகலத்தில் 720, உயரத்தில் 576 என்னுமளவில் புள்ளிகளாக எண்ணுருப் பெறுகின்றது. இப்புள்ளிகள் அனைத்தையும் சுருக்காது அவ்வாறே எழுதி வைப்பின், ஒரு மணி நேரக் கூத்துக்கு ஏறத்தாழ 75 கிகாபைட் இடம் வேண்டும். எட்டு மணி நேரக் கூத்துக்கு 600 கிகாபைட்! எந்தச் சிறு கருவி இதனைத் தாங்கும்? ஆகவே சுருக்குதல் இன்றியமையாததாயிற்று.

சுருக்குதற்குரிய உபாயம் எளிமையானது. களரியின் நடுக்கம்பமும் விளக்கும் பந்தலும் ஒரு வினாடியிலிருந்து மறுவினாடிக்கு மாறுவதில்லை. மாறாதவற்றை மீண்டும் மீண்டும் எழுதுவானேன்? ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, அதன்பின் மாறியவற்றை மட்டும் குறித்துக்கொண்டால் போதுமன்றோ? கண் எளிதில் உணராத நுட்பங்களையும் இம்முறை விட்டுவிடுகின்றது. இங்கே கூத்துக்கு ஒரு சிறப்புச் சிக்கல் உண்டு. அரசன் கொலுவில் நின்று விருத்தம் பாடும்போது அசைவு குறைவு. சிறிதளவு தரவே போதும். பலர் ஒருங்கே கூடிச் சுழன்றாடும்போதோ படம் முழுவதுமே மாறிக்கொண்டிருக்கின்றது. அளவுக்கு மேற் சுருக்கினால் ஆடுவோரின் கால்கள் சதுரக் கட்டிகளாகச் சிதறித் தோன்றும். கூத்துப் பழகுவோனுக்கு வேண்டியது அந்தக் கால்களின் அடிவைப்பே.

இனி, கோப்பின் பெயரால் விளையும் மயக்கத்தைக் காண்போம். வாவியில் மீன்பிடிப்போர் பறியில் மீனை இட்டுவருவர். பறியைப் பார்த்தமாத்திரத்தில் உள்ளிருப்பது செல்வனோ, மணலையோ என்று கூறவியலாது. எம்.பி.4, ஏ.வி.ஐ. என்று கோப்பின் ஈற்றில் வரும் பெயர்கள் பறியின் பெயர்களேயாம். உள்ளேயுள்ள படமும் ஒலியும் எம்முறையிற் சுருக்கப்பட்டன என்பது வேறு செய்தி. பழைய காணொளி இறுவட்டில் உள்ள ‘டாட்’ என்னும் கோப்பினுள் இருப்பது எம்பெக்-1 என்னும் முறையிற் சுருக்கிய, 352க்கு 288 புள்ளியளவுள்ள படம். கையடக்கக் கருவிகள் பலவோ எச்.264 என்னும் முறையையே அறிந்தவை. 2005ஆம் ஆண்டு ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட, காணொளி காட்டும் ஐபொட் கருவியின் திரை 320க்கு 240 புள்ளிகளே கொண்டது. அதன்பின் வந்த மலிவான கருவிகள் பலவும் அவ்வளவினையே பின்பற்றின. கோப்பின் ஈற்றுப் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிட்டுக் கருவி இயங்கவில்லையே என வருந்துவோர் உளர். பறியை மாற்றுவதால் மீன் மாறுவதில்லை.

ஆதலின் உள்ளிருப்பதை விரித்து, கருவி அறிந்த முறையில் மறுபடியும் சுருக்குதல் வேண்டும். இதுவே உருமாற்றம். இதற்கான மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எப்.எப்.எம்பெக் என்பது கட்டளைகளை எழுதி இயக்கப்படுவது. ஹாண்ட்பிரேக் என்பது பொத்தான்களை அழுத்தி இயக்கத்தக்கது.

முதலில் கருவியோடு வந்த சிறுநூலைப் படித்து, அது ஏற்கும் கோப்பு வகை, சுருக்குமுறை, படத்தின் பேரளவு, வினாடிக்குரிய உச்சத் தரவளவு ஆகிய நான்கினையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் இறுவட்டிலிருந்து கோப்பினைக் கணினிக்குப் படியெடுத்து, அதிலிருந்தே வேலை தொடங்குதல் நன்று. கருவி ஏற்குமாயின் எம்.பி.4 பறியும், எச்.264 படமும், ஏ.ஏ.சி. ஒலியும் பொருத்தமானவை. பழைய சிறு கருவிகளுக்கு எச்.264இன் ‘அடிப்படை’ வகையைத் தெரிதல் வேண்டும். உயர்வகைகளை அவை விளங்கிக்கொள்வதில்லை.

படத்தின் அகல உயர விகிதம் குலையலாகாது. நான்குக்கு மூன்று என்னும் விகிதத்திலுள்ள பழைய படத்தை அகலத் திரைக்கென இழுத்தால் வடமோடி அரசனின் கரப்புடுப்பு மேலும் பருத்து நகைப்புக்கிடமாகும். சிறிய படத்தைப் பெரிதாக்குவதாலும் பயனில்லை. இல்லாத தெளிவு எங்கிருந்தும் வாராது. வினாடிக்கு 25 படங்கள் என்பதையும் மாற்றாது விடுதல் வேண்டும். ஒளிநாடாவிலிருந்து வந்த படமாயின் இன்னுமொரு செயல் உண்டு. அம்முறையில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதியாக எழுதப்பட்டிருக்கும். கணினித் திரையில் இவை ஒருங்கு தோன்றும்போது, வீசும் கையின் ஓரம் சீப்பின் பற்கள் போலத் தெரியும். வரிகளை இணைக்கும் வசதியை மென்பொருளிற் தெரிந்தால் இக்குறை நீங்கும்.

அடுத்தது தரவளவு. 320க்கு 240 அளவுள்ள படத்துக்கு வினாடிக்கு 500 கிலோபிற்றும், ஒலிக்கு 128 கிலோபிற்றும் வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 283 மெகாபைட் ஆகும். எட்டு மணி நேரக் கூத்து 2.3 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். 640க்கு 480 அளவில் படத்துக்கு 1,500 கிலோபிற் கொடுத்தாலோ முழுக்கூத்தும் 6 கிகாபைட்டை நெருங்கும். பழைய நினைவட்டைகளில் வழங்கும் பாட்-32 என்னும் அமைப்பு, 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காது. ஆதலின் கட்டியகாரன் வரவு, அரசன் வரவு, போர் எனக் கூத்தின் பகுதிவாரியாகப் பிரித்து வைத்தலே முறை. பழகுவோர்க்கும் அதுவே வசதி. ஒலியின் அளவைக் குறைத்து இடத்தை மிச்சப்படுத்த எண்ணுவது தவறு. மத்தளத்தின் சொற்கட்டும் சதங்கையின் நுண்ணொலியுமே முதலில் கெடும். முழுவதையும் மாற்றுமுன், ஆட்டம் மிக விரைந்து செல்லும் இரண்டு நிமிடப் பகுதியை மட்டும் மாற்றிக் கருவியிற் பார்த்தல் வேண்டும். அது நன்றாயின் மற்றவையும் நன்றாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. உருமாற்றிய கோப்பு கையாளுதற்குரிய படி மட்டுமே, அது மூலமன்று. ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் சிறிது இழக்கப்படுகின்றது, இழந்தது மீளாது. சிறுபடி கைக்கு வந்ததும் மூலநாடாவை வீசிவிடுவோர், கூத்தின் கால்வாசியைக் காத்து முக்கால்வாசியை இழப்போராவர். அதேவேளை நாடாவும் நெடுங்காலம் நில்லாது. வாவிக்கரையின் ஈரக்காற்றிற் பூஞ்சணம் பிடிக்கும்; காந்தப்பூச்சு உரியும். வீ.எச்.எஸ். நாடா இயக்கும் பொறிகளைக் கடைசிவரை செய்துவந்த யப்பானிய நிறுவனம் 2016ஆம் ஆண்டு யூலையில் அத்தொழிலை நிறுத்திற்று. காந்தநாடாக்களை விரைவில் எண்ணுருவாக்காவிடின் அவற்றிலுள்ளவை மீட்கவியலாது போய்விடும் என யுனெஸ்கோ 2019ஆம் ஆண்டில் உலகை எச்சரித்தது. மூன்று மணி நேர நாடாவைக் கணினிக்கு மாற்ற மூன்று மணி நேரமே செல்லும், விரைவுபடுத்த வழியில்லை. ஆகையால் இப்பணியைப் பிற்போடுதல் தகாது.

மட்டக்களப்பு மக்களுக்கு இழப்பு என்பது கேட்டறிந்த செய்தியன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியும், 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளும், நீண்ட போரும் எத்தனையோ வீடுகளோடு ஏடுகளையும் படங்களையும் கொண்டு சென்றன. ஒரே பிரதியை ஒரே வீட்டில் வைத்தவர் யாவற்றையும் இழந்தனர். எனவே மூலத்திலிருந்து எடுத்த நல்ல படியொன்றை எழுவான்கரையிலும், மற்றொன்றைப் படுவான்கரையிலும், இன்னுமொன்றை வெளியூரிலும் வைத்தல் அறிவுடைமை. 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணுருவாக்கி வரும் நூலகம் நிறுவனம், ஒலி, காணொளி முதலியவற்றுக்கென ‘ஆவணகம்’ என்னும் தொகுப்பினையும் நடத்துகின்றது. கூத்தர்களினதும் அண்ணாவியாரினதும் இசைவு பெற்று, ஊர், நாள், கூத்தின் பெயர், ஆடினோர் பெயர் ஆகியவற்றைக் குறித்து இத்தகைய இடங்களில் ஒப்படைத்தல் நலம். பெயரறியாக் கூத்தர் ஆடும் படம் சில ஆண்டுகளில் எவர்க்கும் உரியதாகாது.

அண்ணாவியார் தட்டும் மத்தளத்துக்கு நேரே நின்று, பிழைத்த காலை அவர் திருத்தக் கற்கும் கல்விக்கு இச்சிறு பெட்டி ஈடாகாது. எனினும் அவர் மறைந்த பின்னரும் அவருடைய தாளக்கட்டினை ஒருமுறைக்கு இருபது முறை நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பினை அது தருகின்றது. தத்தம் வீட்டு அலுமாரியில் கூத்து நாடாவோ இறுவட்டோ இருப்பின், நேயர்கள் அதனை இவ்வார இறுதியிலேயே வெளியில் எடுத்துத் தூசு துடைத்து, அது இன்னும் ஓடுகின்றதா எனப் பார்ப்பார்களாக.