பக்கத்து இருக்கையின் உரிமை



நம் சமுதாயப் பெண்மக்கள் கல்லூரிப் படியேறுவது அரிதாயிருந்த காலம் மலையேறிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்! விண்ணப்பப் படிவம் வாங்கி வருவதிலும், கட்டணம் செலுத்துவதிலும், புர்கா தைத்துக் கொடுப்பதிலும் இன்றைய பெற்றோர் குறை வைப்பதில்லை. ஆனால், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்னும் சிறிய கேள்வியைப் பல வீடுகளில் எவரும் கேட்பதில்லை.

காலை ஷிப்டில் பயிலும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். சுப்ஹு தொழுத கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாள். ஒரு குவளைத் தேநீரே அவளுடைய காலை உணவு. கல்லூரியில் வகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. ஓர் ஆசிரியர் வெளியேறி அடுத்தவர் நுழைவதற்குள் கிடைப்பது ஐந்து நிமிடம். கேண்டீனுக்குச் சென்று வர அது போதாது. நண்பகலுக்குள் தலை சுற்றுகிறது, கரும்பலகை மங்குகிறது.

இதை அற்பமாகக் கருதிவிடாதீர்கள். 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. வெறுந்தேநீர் பசியை மறைக்குமேயன்றித் தீர்க்காது. உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினால், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதும் குறைகிறது.

ஆகவே, பிள்ளையின் பையில் ஒரு சிறு டப்பா இருந்தாக வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதே நம் கேள்வி. வயிற்றுக்கு ஏற்றதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்து இருக்கைக்கும் ஏற்றதா என்று பார்க்க வேண்டும்.

திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயமான அந்நிஸாவின் 36ஆம் வசனம், பெற்றோர், உறவினர், அநாதைகள், வறியோர், அண்டை வீட்டார் ஆகியோருக்கு நன்மை செய்யப் பணிக்கிறது. அதே வரிசையில் அருகிலிருக்கும் தோழரையும் சேர்த்துக் கூறுகிறது. பயணத்தில் உடன் வருபவர், உடன் கல்வி பயில்பவர், சபையில் அருகே அமர்பவர் ஆகியோர் இதில் அடங்குவர் என்று விரிவுரையாளர் சிலர் விளக்கியுள்ளனர். அப்படியானால், வகுப்பறையில் ஒரே பெஞ்சில் அமரும் தோழிக்கு நம் மீது உரிமை இருக்கிறது. அவள் முஸ்லிமாக இருந்தாலும் சரி, பிற சமயத்தவளாக இருந்தாலும் சரி.

அந்த உரிமையை மனத்தில் கொண்டு, டப்பாவில் வைக்கும் பண்டத்தைப் பற்றி நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

ஓசை எழுப்புமா?

வகுப்புகளுக்கிடையே உள்ள நேரத்திலும் ஒருத்தி குறிப்பெழுதிக் கொண்டிருப்பாள். மற்றொருத்தி அடுத்த தேர்வுக்குப் படித்துக் கொண்டிருப்பாள். முறுக்கு, சீடை, கடலை மிட்டாய் ஆகியவை சுவையானவையே. ஆனால் அவற்றின் இடம் வீட்டுத் திண்ணை. சிப்ஸ் பாக்கெட்டின் தொல்லை இரட்டிப்பு. மெல்லப் பிரித்தால் ஓசை குறையும் என்று எண்ணுவது வீண். உறையிலுள்ள ஒவ்வொரு மடிப்பும் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் துள்ளும்போது ஒரு சொடுக்கு பிறக்கிறது. மெதுவாகப் பிரித்தாலும் சொடுக்கின் வலிமை குறைவதில்லை. ஓசை நீண்டுகொண்டே போகிறது. எனவே உறையுள்ள பண்டத்தை வீட்டிலேயே பிரித்து, மூடி இறுக்கமான சிறு டப்பாவில் மாற்றிக் கொடுங்கள். எவர்சில்வர் டப்பாவாயின் ஒரு கைக்குட்டையில் சுற்றி வையுங்கள். தவறி விழுந்தாலும் வகுப்பு அதிராது.

வாடை வீசுமா?

பச்சை வெங்காயமோ பூண்டோ உண்டவர் பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். வெங்காயம் விலக்கப்பட்ட உணவன்று. ஆயினும் ஆகுமான உணவும் ஓரிடத்தில் பிறருக்கு இடராகலாம் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம். அறுபது பேர் அமர்ந்த அறையில், மின்விசிறி சுழலும்போது, அவித்த முட்டையும் மாசிச் சம்பலும் கடைசி பெஞ்சு வரை செய்தி அனுப்பிவிடும். சைவ உணவுப் பழக்கமுள்ள தோழி அருகிலிருக்கும்போது கறிச் சமோசாவைத் திறப்பதும் பண்பாகாது. அவற்றையெல்லாம் உணவு இடைவேளைக்கு, மரத்தடிக்கு ஒதுக்கி வைப்போம். ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்தாலே வாசம் அறையெங்கும் பரவும். சுளைகளை வீட்டிலேயே பிரித்து வைத்துவிடலாம்.

சிந்துமா, ஒட்டுமா?

கீழக்கரை வீடுகளின் ஓட்டுமாவைப் போல் சுவையான பண்டம் ஏது! ஆனால், காற்றடித்தால் அடுத்தவரின் நோட்டுப் புத்தகத்தில் போய் அமரும். நெய்யும் பாகும் கையில் ஒட்டும் தொதலோ விடைத்தாளில் விரல் ரேகை பதிக்கும். ஒரே வாயில் அடங்குவதும், கையில் ஒட்டாததுமே நல்லது. பழத்தோல், பேரீச்சங்கொட்டை ஆகியவற்றை மேசையின் அடியில் விட்டுச் செல்லாமல் டப்பாவிலேயே திரும்பக் கொண்டுவரப் பழக்குங்கள். அந்த அறையைப் பெருக்குகிறவரும் ஒரு தாய்தானே! வேதியியல், உயிரியல் ஆய்வுக்கூடங்களில் மட்டும் எந்தப் பண்டத்தையும் திறக்கவே கூடாது. அங்குள்ள மேசையிலும் கையிலும் நஞ்சு ஒட்டியிருக்கக்கூடும்.

எல்லாருக்கும் ஏற்றதா?

வேர்க்கடலை, எள் போன்றவை சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும், மூச்சே திணறிவிடும். "உனக்கு இது ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டுவிட்டுக் கொடுப்பதே அன்பு. கடையில் வாங்கும் மெல்லும் இனிப்புகள் சிலவற்றில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் சேர்வதுண்டு. உறையிலுள்ள பட்டியலைப் படித்துப் பார்த்து வாங்குவது நம் கடமை.

இந்நான்கிலும் தேறும் பண்டங்கள் நம் வீடுகளிலேயே உள்ளன. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம், சிறு வாழைப்பழம், ஆவியில் வெந்த கொழுக்கட்டை, ஊறவைத்த பாதாம், உலர்திராட்சை ஆகியன போதும். தேங்காய் சேர்ந்தவற்றை வெயிற்காலத்தில் தவிர்த்துவிடுங்கள், நண்பகலுக்குள் ஊசிப்போகலாம்.

இதோ ஓர் எளிய உருண்டை: கொட்டை நீக்கிய மென்மையான பேரீச்சம்பழம் 150 கிராம், வறுத்துப் பொடித்த எள் 50 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம், நெய் இரண்டு தேக்கரண்டி. பழத்தை நன்கு மசித்து, மற்றவற்றைச் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் உருட்டுங்கள். சுமார் 15 உருண்டைகள் கிடைக்கும். அடுப்பு வேலை எள் வறுப்பதோடு முடிந்தது. கடித்தால் ஓசையில்லை, திறந்தால் வாடையில்லை, கையிலும் அதிகம் ஒட்டாது. மூன்று உருண்டைகளை உண்ண ஐந்து நிமிடம் தாராளம்.

ஆனால் டப்பாவில் மூன்று மட்டும் வைக்காதீர்கள், தாய்மார்களே! ஐந்தாக வையுங்கள். ஏன் தெரியுமா?

நம் மாநிலத்தில் 1982ஆம் ஆண்டு விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வரை நண்பகல் உணவு பெறுகின்றனர். 2022ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கப்பட்டது. அந்த ஏற்பாடு கல்லூரி வரை நீளவில்லை. பள்ளியில் தட்டேந்தி வரிசையில் நின்ற ஏழைப் பிள்ளை, கல்லூரியில் "எனக்குப் பசியில்லை" என்று சொல்லப் பழகிக்கொள்கிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளையாகக்கூட அது இருக்கலாம். அந்தப் பிள்ளையின் அருகே நம் பிள்ளை தனித்து உண்பது எப்படித் தொண்டையில் இறங்கும்?

பஞ்சம் நிலவிய ஓர் ஆண்டில் மக்களுக்குப் பேரீச்சம்பழம் பங்கிடப்பட்டது. உண்டுகொண்டிருந்தவர்களைக் கடந்து சென்ற இப்னு உமர் (ரலி) அவர்கள், இரண்டிரண்டாகச் சேர்த்து உண்ண வேண்டாம் என்று சொன்னார்கள். உடன் உண்பவரின் அனுமதியின்றி அவ்வாறு செய்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்திருந்ததையும் எடுத்துரைத்தார்கள். புகாரியில் இடம்பெற்ற செய்தி இது. ஒரு பழத்தில்கூட அருகிலிருப்பவரின் பங்கைக் கணக்கில் கொண்ட மார்க்கம் நம்முடையது.

கொடுக்கும் முறையிலும் கவனம் தேவை. "உனக்குப் பசிக்கிறதா?" என்று பலர் முன் கேட்டால் அவள் இல்லையென்றே சொல்வாள். "எங்க உம்மா புதுசா செய்தாங்க, எப்படி இருக்குன்னு சொல்லேன்" என்று நீட்டினால், வாங்குகிற கை தாழ்ந்ததாகத் தோன்றாது. அவள் நோன்போ விரதமோ இருந்தால் வற்புறுத்தாமல் டப்பாவை மூடிவிட வேண்டும். இந்தப் பக்குவத்தை நம் பிள்ளைகளுக்கு வீட்டில்தான் கற்றுத்தர முடியும்.

எனவே இன்றிரவே மகளையும் மகனையும் அருகில் அழைத்து, கல்லூரியில் யாருடன் அமர்கிறார்கள், அந்தப் பிள்ளை காலையில் உண்டு வருகிறதா என்று கேளுங்கள். விடையைப் பொறுத்து டப்பாவின் அளவைத் தீர்மானியுங்கள்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் உணவிலும் வல்ல நாயன் பரக்கத் செய்வானாக! அருகிலிருப்போர் மனம் நோகாமல் வாழும் நற்பண்பை நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.